செண்பகத்தடியில் ஒன்பது பேர்

மேலூர் ரோடு, ஸ்ரீரங்கம்
10-2-1963

தம்பி அழகிரிக்கு,

நீ என் கையெழுத்தைத் திருடினாய். இதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. தாளை என் கண்ணால் பார்த்துவிட்டேன்.

"மேலூர்த் தோட்டத்தில் பூப்பறிக்கும் அமிர்தம் ஆகிய நான், சாமிக்குப் போகும் செண்பகப் பூவை முகர்ந்து எச்சிலாக்கியது குற்றம் என்று ஒப்புக்கொள்கிறேன். மன்னித்து வேலைக்குச் சேர்த்துக்கொள்ள வேண்டும்." கீழே என் பெயர். நான் எழுதுவது மாதிரியே இருந்தது. எனக்கே முதலில் வித்தியாசம் தெரியவில்லை.

நடந்தது உனக்குத் தெரியும். தெரியாதவன்போல மெட்ராஸ் ரயில் ஏறிப் போனதால் மறுபடி எழுதுகிறேன். சாமிக்குப் போகும் பூவில் மனித மூச்சுப் படக் கூடாது என்று ஈரத்துணியால் வாயையும் மூக்கையும் கட்டிக்கொண்டு பத்தொன்பது வருஷம் பறித்தேன். மார்கழிக் குளிரிலும் அதே ஈரத்துணி. எங்களில் இருமாதவள் இல்லை. அதே பூவை ஏற்றிப் போகிற வண்டி மாடு கூடை மேலேயே மூச்சு விடும். அதன் மூக்கை யாரும் கட்டியதில்லை. கார்த்திகையில் ஒருநாள் துணியை இறக்கி ஒரே ஒரு செண்பகத்தைக் கையில் வைத்து முகர்ந்தேன். காற்றில் வருகிற வாசம் வேறு, கையில் வைத்து முகர்வது வேறு. எனக்கு அது வேண்டியிருந்தது.

செல்லக்கண்ணு முதலாளி கூடையை வாய்க்காலில் கொட்டினார். எழுதிக் கொடு என்றார். மாட்டேன் என்றேன். என்னோடு காளியாயி, ராசாத்தி, அழகம்மாள் என்று எட்டுப் பேர் கூடையை இறக்கி வைத்தார்கள். துணி கட்டச் சொன்னால் பறிக்க மாட்டோம் என்று முப்பத்தொரு நாள் இருந்தோம். வேறு ஆட்களை வைத்துப் பறித்துப் பார்த்தார். அவர்களுக்கு மொட்டுக்கும் பிஞ்சுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கிளையை முறித்தார்கள். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் அவரே இறங்கி வந்திருப்பார்.

நீ ரயிலேறிய மறுநாள் எட்டுப் பேரையும் தோட்டத்து வாசலுக்குக் கூப்பிட்டு அந்தத் தாளைப் படித்துக் காட்டினார். அன்றைக்கே அவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். எதிரே வந்தபோது ஒருத்தியும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

உன்னை ஜப்பானுக்கு அனுப்பிய மில்லுக்கு அவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டது எப்படி என்று இப்போது புரிகிறது. நான் இன்னும் யாரிடமும் உன் பெயரைச் சொல்லவில்லை. அதை நீயே சொல்ல வேண்டும். எழுதியது நான், அக்கா இல்லை என்று முதலாளிக்கு எழுது.

அமிர்தம்


நகோயா பக்கம்
3-3-1963

அக்காவுக்கு,

ஆமாம், நான்தான் போட்டேன்.

திரும்பி வந்து ஐந்து வருஷம் வேலை செய்வேன் என்பதற்குச் சொத்துள்ள ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும் என்று மில்லில் சொன்னார்கள். நமக்குத் தெரிந்த சொத்துள்ளவர் யார்? நான்கு நாள் அவர் வீட்டு வாசலில் நின்றேன். ஐந்தாம் நாள் உள்ளே கூப்பிட்டு, "உங்க அக்காகிட்ட ஒரு தாள் வாங்கிட்டு வா, நான் ஒரு தாள்ல போடறேன்" என்றார். யாருக்கும் காட்ட மாட்டேன், பெட்டியில் வைத்துக்கொள்வேன் என்றும் சொன்னார். நம்பினேன். உன்னிடம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பாயா?

மில்லுக்கு வரப்போகிற புதுத் தறிகளைக் கழற்றி மாட்ட இங்கே பழகுகிறோம். திருச்சியிலிருந்து வந்தது இரண்டே பேர். இன்னொருவன் ஸ்தனிஸ்லாஸ், மெயின்கார்டுகேட் பக்கம், காலேஜில் படித்தவன். அவனைவிட நான் சீக்கிரம் தறியை ஓட விடுகிறேன் என்று இங்குள்ள மேஸ்திரி எல்லார் முன்னாலும் சொன்னார். நம் தெருவிலிருந்து கடல் தாண்டியவன் நான் ஒருவன்தான். இதை நீ ஒருமுறையாவது யாரிடமாவது சொல்லியிருக்கிறாயா?

கையுறை போடாமல் இரும்பைத் தொட முடியாத குளிர். இந்தக் குளிரில் ஒரு மரம் பூத்திருக்கிறது. உமே என்கிறார்கள். இலையே கிடையாது. கறுத்த கிளையில் வெள்ளைப் பூ. விடிந்தால் பூவின்மேல் பனி உட்கார்ந்திருக்கும், எது பனி எது பூ என்று தெரியாது. நல்ல வாசம் என்று சொன்னார்கள். ஒன்றை இதில் வைத்திருக்கிறேன்.

ஒரு தாளுக்கும் உன் மானத்துக்கும் என்ன சம்பந்தம் அக்கா? வேலைக்குப் போ. அடுத்த தை மாதம் வந்ததும் நானே நேரில் பேசிக்கொள்கிறேன்.

உன் தம்பி
அழகிரி


மேலூர் ரோடு
20-3-1963

அழகிரிக்கு,

உன் பூ தூளாக வந்து சேர்ந்தது. வாசம் இல்லை. நல்ல வாசம் என்று 'சொன்னார்கள்' என்று எழுதியிருக்கிறாய். நீ முகரவில்லையா?

வேலைக்குப் போ என்கிறாய். எந்த வேலைக்கு என்று தெரிந்துகொள். முதலாளி ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். போனேன். நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே சொன்னார்: "நீ திருந்தின பொம்பளை. இனிமே பறிக்க வேணாம். மத்தவளுங்க துணியைச் சரியாக் கட்டியிருக்காளுங்களான்னு சுத்திவந்து பாரு, போதும்."

உன் தாள் எனக்கு வாங்கித் தந்த உத்தியோகம் இது. காளியாயியின் மூக்கை நான் சோதிக்க வேண்டும்.

"எனக்குப் பறிக்கத்தாங்க தெரியும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வழியில் கூடையோடு காளியாயி. "வாங்க கங்காணியம்மா" என்றாள். பின்னால் வந்த ராசாத்தி, "துணி ஈரமா இருக்கான்னு தொட்டுப் பாக்கிறீங்களா?" என்று முகத்தை நீட்டினாள். அவர்களுக்கு அதற்குள் சேதி போயிருக்கிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் உன் பெயரைச் சொல்ல வேண்டும். சொன்னால் அவர் ஜாமீனை விலக்குவார், உன்னைக் கப்பலேற்றி அனுப்புவார்கள்.

இப்போது ஜீயபுரத்தில் வாழைக்குக் களை எடுக்கிறேன். இருட்டில் விரலால் தொட்டே, இது இன்று மாலை விரியும், இது நாளைக்கு என்று பிரித்தவள் நான். இந்த ஸ்ரீரங்கத் தீவில் அது தெரிந்த பத்துப் பேரில் ஒருத்தி. கடல் தாண்டியதை நீ சொல்லிக்கொள்கிறாய். இதை நான் சொல்லிக்கொள்ளக் கூடாதா?

உன் மாமா மணப்பாறைச் சந்தைக்கு வண்டி ஓட்டிப் போயிருக்கிறார். போகும்போது, "ஜப்பான்காரன் எழுதிட்டானா?" என்று கேட்டார். உன் பெயரைச் சொல்லவில்லை.

முதலாளிக்கு எழுது.

அமிர்தம்


நகோயா பக்கம்
14-4-1963

அக்காவுக்கு,

முதலாளிக்கு மூன்று தடவை எழுதினேன். மூன்று தடவையும் கிழித்தேன். அவர் ஜாமீனை விலக்கினால் அடுத்த கப்பலில் என்னை அனுப்பிவிடுவார்கள். தை வரைக்கும் பொறு என்றுதான் கேட்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும். வேறு யாருக்கும் இது புரியாது.

இங்கே சகுரா என்று ஒரு மரம். ஆற்றங்கரை நெடுக நட்டிருக்கிறார்கள். ஒரு வாரம்தான் பூக்கும். நம் காவேரிக்கரையில் ஆடிப்பெருக்குக்குக் கூடுகிற கூட்டத்தை நினைத்துக்கொள். அவ்வளவு பேரும் பாயை விரித்து, சோறு கட்டிக்கொண்டு வந்து மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். எதற்கு என்று கேட்டேன். பூப் பார்க்க என்றார்கள். பார்த்துவிட்டு? பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவோம் என்றார்கள். பறிப்பதில்லை, மாலை கட்டுவதில்லை, சாமிக்குக் கொண்டு போவதில்லை. மில் மானேஜர் உட்கார்ந்த தரையில்தான் சாக்கடை அள்ளுகிறவரும் உட்கார்ந்திருந்தார். பாய் வேறு, தரை ஒன்று.

மேஸ்திரி மொரி ஒரு கிளையை என் முகத்துக்கு நேரே வளைத்தார். வாசம் பார் என்று சைகை காட்டினார். என்ன செய்தேன் தெரியுமா? கழுத்தில் கிடந்த துண்டை எடுத்து மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு குனிந்தேன். நினைத்துச் செய்யவில்லை. கை தானாகப் போய்விட்டது. சின்ன வயசில் உன் பின்னால் கூடை தூக்கி வந்தபோது பழகிய கை.

மொரி பதறிவிட்டார். இங்கே சளி பிடித்தவர்கள் மற்றவர்களுக்குத் தொற்றக் கூடாதென்று வாயைக் கட்டிக்கொள்வார்கள். எனக்குக் காய்ச்சல் என்று நினைத்துத் தன் கோட்டைக் கழற்றிப் போர்த்திவிட்டார், சூடாக ஏதோ குடிக்கக் கொடுத்தார். ஸ்தனிஸ்லாஸ் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐயாயிரம் மைல் தாண்டி வந்தும் செல்லக்கண்ணுவின் துணி என் மூக்கில் இருந்தது. அவிழ்த்தேன். முகர்ந்தேன். அந்தப் பூவுக்கு வாசமே கிடையாது அக்கா.

இதைப் படித்துவிட்டு ஜப்பான் சொர்க்கம் என்று நினைத்துவிடாதே. தறி ஓட்டுகிற பெண்கள் எல்லாம் மலை ஊர்களிலிருந்து பதினைந்து பதினாறு வயதில் வந்தவர்கள். மில்லுக்குள்ளேயே விடுதி, வாசலுக்குப் பூட்டு. அவர்களை ஒரே ஒரு மணி நேரம் லாரியில் ஏற்றிவந்து, மரத்தடியில் நிறுத்திப் போட்டோ எடுத்து, திரும்ப ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒருத்தி என்னிடம், உங்கள் ஊரில் பூவை என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். பறிப்போம் என்றேன். பார்க்க மாட்டீர்களா என்றாள். பார்க்க விடமாட்டார்கள் என்றேன். எங்களையும்தான் என்றாள். லாரி ஹாரன் அடித்தது, ஓடிவிட்டாள்.

நீ முகர்ந்தது தப்பில்லை. இதை உனக்கு எழுதுகிறேன். அவருக்கு எழுதத்தான் கை வரவில்லை.

அழகிரி


மேலூர் ரோடு
5-5-1963

அழகிரிக்கு,

எனக்கு எழுதி என்ன பயன்? நான் முகர்ந்தது தப்பில்லை என்று எனக்குத் தெரியும்.

காளியாயி வீட்டுக்கு வந்தாள். நாலு மாசம் கழித்து. உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்று கேட்டாள்.

"ஏன்டி, கங்காணி வேலையை ஏன் வேணாம்ன?"

"எனக்கு வேணாம்."

"எழுதிக் குடுத்தவளுக்கு அதை வாங்கிக்கிறதுல என்ன வந்துச்சு? நெசமாச் சொல்லு. நீதான் எழுதினியா?"

"இல்லே."

"அப்ப யாரு?"

நான் பேசவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உன் வீட்டுல எழுதத் தெரிஞ்சவங்க ரெண்டு பேரு. ஒருத்தி நீ" என்றாள். அப்புறம்தான் உள்ளே வந்து உட்கார்ந்தாள். "சரி, வாயைத் திறக்காத. அந்தப் பய அங்க பொழைக்கட்டும். நாம சொன்னா அது கோள் சொல்றது. அவனே எழுதணும்."

நீ எழுதிய பூச் சேதியை அவளுக்குப் படித்துக் காட்டினேன். துண்டைக் கட்டிக்கொண்டு குனிந்தாய் என்ற இடத்தில் சிரித்து இருமி, மறுபடி சிரித்தாள். லாரிப் பெண்கள் இடத்தில் சிரிக்கவில்லை. மறுநாள் மற்ற ஏழு பேரையும் கூட்டிவந்து, "இன்னொரு தடவை படிடி" என்றாள். படித்தேன். எட்டுப் பேருக்கும் இப்போது தெரியும். எட்டுப் பேரும் உன் பெயரைச் சொல்லாமல் இருக்கிறார்கள்.

போன வெள்ளிக்கிழமை மறுபடி கூடையை இறக்கி வைத்துவிட்டார்கள். எல்லோரும் என்னோடு ஜீயபுரம் வருகிறார்கள். அங்கே ஒருவர் மல்லிகை போட்டிருக்கிறார், காந்தி மார்க்கெட்டுக்குப் போகிற பூ. துணி கட்டச் சொல்வதில்லை.

அமிர்தம்


நகோயா பக்கம்
19-5-1963

அக்காவுக்கு,

என் கடிதத்தை ஊருக்கெல்லாம் ஏன் படிக்கிறாய்? உனக்கு எழுதியது உனக்குத்தான்.

இங்கே இப்போது ஃபுஜி என்றொரு கொடி பூத்திருக்கிறது. பந்தல் போட்டு ஏற்றிவிடுகிறார்கள். சரம் சரமாக ஊதாப்பூ, ஒரு கை நீளத்துக்குத் தொங்குகிறது. வண்டு மொய்க்கிறது. துண்டில்லாமல் போய் நின்று முகர்ந்தேன்.

புதுத் தறிகள் திருச்சிக்கு வந்ததும் என்னைத் தலைமை ஃபிட்டராகப் போடச் சொல்லி மொரி எழுதியிருக்கிறார். ஸ்தனிஸ்லாஸ் எனக்குக் கீழே. இந்த நேரத்தில் நான் கள்ளக் கையெழுத்துப் போட்டவன் என்று மில்லுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்.

முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதி முடித்துவிட்டேன். கிழிக்கவில்லை. தபாலிலும் போடவில்லை.

அழகிரி


மேலூர் ரோடு
16-6-1963

அழகிரிக்கு,

இம்மாதம் இரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஒன்பது பேரும் பூப் பார்க்கப் போனோம்.

ராசாத்தி சொன்ன யோசனை. "ஜப்பான்காரன் ஆயிரம் பேரு உக்காந்து பாக்குறான். நாம ஒன்பது பேரு போனா ஆகாதா?" தோட்டத்து வேலிக்கு வெளியே ரோட்டு ஓரமாக அந்தப் பெரிய செண்பகத்தின் கிளை நீட்டிக்கொண்டிருக்குமே, அதற்கு அடியில் கோரைப்பாயை விரித்தோம். தூக்குச்சட்டியில் புளிச்சோறு. அழகம்மாள் கல்யாணப் புடவை கட்டி வந்திருந்தாள்.

பறிக்க ஆள் இல்லாமல் மரம் அப்படியே பூத்துக் கிடந்தது. நாங்கள் அந்த மரத்தை அப்படிப் பார்த்ததே இல்லை. விரிவதற்கு முன்னாலேயே கொய்துவிடுவோமே. அன்று விரிந்த பூவும், நேற்று விரிந்து சிவந்து போனதும், நாளைக்கு விரியப்போவதும் ஒரே கிளையில் இருந்தன. காளியாயி அண்ணாந்து பார்த்து, "இவ்வளவு உசரத்துலயாடி ஏறிப் பறிச்சோம்?" என்று மட்டும் கேட்டாள். யாரும் ஒரு பூவைத் தொடவில்லை. பாயில் விழுந்ததைக்கூட எடுக்கவில்லை. எடுத்திருந்தால் திருட்டு என்று போலீஸுக்குப் போயிருப்பார்.

அவரே வந்தார். "என்னங்கடி இது, திருவிழாவா?"

"பூப் பாக்குறோங்க" என்றாள் ராசாத்தி.

"பாக்குறதுக்கு என்ன இருக்கு?"

"அதத்தாங்க பாத்துக்கிட்டிருக்கோம்" என்றாள் அழகம்மாள்.

"சாமி மரத்தடியில திறந்த மூக்கோட உக்காந்துக்கிட்டு... எந்திரிங்கடி!"

காளியாயி புளிச்சோற்றுக் கையோடு நிமிர்ந்தாள். "ரோடு பஞ்சாயத்துதுங்க. மூக்கு எங்களுதுங்க."

முக்கொம்பு பஸ் வந்து நின்றது. இறங்கினவர்கள் போகாமல் கூடினார்கள். டிரைவர் இன்ஜினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். அவ்வளவு பேர் சிரித்ததும் முதலாளிக்கு முகம் கறுத்துவிட்டது. வீட்டுக்கு ஆள் அனுப்பி அந்தத் தாளைக் கொண்டுவரச் சொன்னார். பஸ் ஆட்களுக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"இவளுங்க தலைவி எழுதிக் குடுத்ததைப் பாருங்க. குற்றம்னு அவளே ஒத்துக்கிட்டிருக்கா. தம்பி ஜப்பானுக்குப் போக ஜாமீன் வேணும்னு கெஞ்சினவ, இப்ப பாய் விரிக்கிறா!"

நான் எழுந்தேன். "அது என் கையெழுத்து இல்லீங்க."

"உன் பேருதானே இருக்கு?"

"பேரு என்னுது. கை என்னுது இல்லே."

"பின்ன யாரு போட்டது? சொல்லு!"

எட்டுப் பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி வாயசைத்திருந்தால் உன் கதை அந்த ரோட்டிலேயே முடிந்திருக்கும். ஒருத்தியும் அசைக்கவில்லை. நீ பிஞ்சு வயசில் அவர்கள் கூடையைத் தூக்கியிருக்கிறாய் என்பதைத் தவிர உனக்கும் அவர்களுக்கும் ஒரு உறவும் கிடையாது.

"போட்டவனே உங்களுக்கு எழுதுவாங்க" என்றேன்.

"எப்ப?"

"ஆடி முடியறதுக்குள்ள."

பஸ் கிளம்பும் வரை உட்கார்ந்திருந்து, சோற்றை முடித்துவிட்டு, பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தோம். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நிமிர்ந்து நடந்தது கிடையாது.

எனக்கு அவர் வேலை வேண்டாம். ஜீயபுரத்துக்காரர் எங்கள் விரலைப் பார்த்துவிட்டு, ஆளுக்கு இரண்டு பாத்தி அதிகம் தந்திருக்கிறார். அதற்காகக் கேட்கவில்லை. ஒரு பஸ் ஜனத்துக்கு முன்னால் உன் வார்த்தைக்கு நான் ஜாமீன் நின்றிருக்கிறேன். எழுதி முடித்துவிட்டேன் என்றாயே, அதைத் தபாலில் போடு.

அமிர்தம்


மேலூர் ரோடு
25-8-1963

அழகிரி,

பூப் பார்க்கப் போனதை எழுதியதிலிருந்து இது மூன்றாவது கடிதம். இதற்கு முந்தைய இரண்டுக்கும் பதில் இல்லை. ஸ்தனிஸ்லாஸ் வீட்டுக்கு மாசம் இரண்டு கடிதம் வருகிறதாம். நீ நன்றாக இருக்கிறாய் என்று அவர்கள்தான் சொன்னார்கள்.

ஆடி முடிந்துவிட்டது. நேற்று பஸ் நிற்கிற இடத்தில் முதலாளி கேட்டார்: "என்னம்மா, கடுதாசி வந்துச்சா?" நின்றிருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். "இன்னும் வரலீங்க" என்றேன். தலையைக் குனியவில்லை. காளியாயி என் பக்கத்தில் வந்து நின்றாள். "கப்பல்ல வருதுங்க, மெதுவாத்தான் வரும்" என்றாள். அவள் உனக்காகச் சொன்ன பொய் அது. இதுவரை அவள் யாருக்காகவும் பொய் சொல்லி நான் கேட்டதில்லை.

வேலை போனால் போகட்டும், வா. தறியைக் கழற்றி மாட்டுகிற கையை அவர் ஜாமீனா உனக்குக் கொடுத்தது? நீ தலைமை ஃபிட்டராக வந்து இறங்கினாலும் இந்த ரோட்டு வழியாகத்தான் வீட்டுக்கு வர வேண்டும். எட்டுப் பேரும் இதே ரோட்டில்தான் நடக்கிறார்கள்.

முதலாளிக்கு எழுது. உன் கையால், உன் பெயரில். என்றைக்குத் தபாலில் போடுவாய்? தேதியைச் சொல்.

அமிர்தம்